தாடை மாஸ்க் அங்கிள்

கேமரன் மலைத் தோட்டங்களில் இந்த அங்கிளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ரிங்லெட்டில் ஒருவர், தானா ராத்தாவில் ஒருவர், பிரிஞ்சாங் சாப்பாட்டுக் கடையில் வழக்கமாக இரண்டு பேர். கோவிட் யாருக்கு வரும், எப்படி வரும், எந்த வயதில் ஆபத்து, எல்லாம் அவருக்கு அத்துபடி. அந்தப் பட்டியலில் தம் பெயர் இல்லை என்பதும் அத்துபடி.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, மலையின் சுமார் 1,500 மீட்டர் உயரமே அவருக்குத் தடுப்பூசியாகிவிட்டது. "தாப்பாவிலேருந்து இத்தனை வளைவு ஏறி வர்றதுக்குள்ள கிருமிக்கே தலை சுத்திடும்லா!" குளிரில்தானே சளிக்காய்ச்சல் கூடும் என்று தோட்டத்துக் கிராணி கேட்டுப் பார்த்தார். "அது கீழ இருக்கிறவங்களுக்கு. நமக்குத்தான் பழகிப் போச்சே."

அதே மாதம் சுகாதார அமைச்சர் ஆதாம் பாபா, வெந்நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கி அமிலத்தில் செத்துவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அங்கிளோ, "மந்திரி வெறும் வெந்நீருதான் சொன்னாரு, நாம தேத்தண்ணியே குடிக்கிறோம்" என்று இன்னொரு கிளாஸ் கேட்டார்.

பிறர் விஷயத்தில் மட்டும் கடுமையான நீதிபதி. சிவகங்கையிலிருந்து கெடாவுக்குத் திரும்பிய உணவகக்காரர் ஒருவர் தனிமைப்படுத்தலை மீறப்போய் ஒரு தொற்றுத் திரளே கிளம்பியது. 2020 ஆகஸ்டில் அவருக்கு ஐந்து மாதச் சிறை, 12,000 ரிங்கிட் அபராதம். "அஞ்சு மாசம் பத்தாது, அஞ்சு வருஷம் போடணும்!" என்று கொதித்த அங்கிள், அன்று மாலையே பக்கத்து டிவிஷன் நிச்சயதார்த்தத்தில் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு பந்தி பரிமாறினார்.

இவரைத் தோட்டத்துப் படிப்பறிவுக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் நீல் வெய்ன்ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் பதில் சொன்னவர்கள் கல்லூரி மாணவர்கள். நல்லது தமக்குச் சற்றுக் கூடுதலாகவும் கெட்டது சற்றுக் குறைவாகவும் நடக்கும் என்றே அவர்களும் பொதுவாக நம்பினார்கள். எல்லாருக்குமே சராசரியைவிட ஆபத்து குறைவு என்றால், மிச்ச ஆபத்து யாருக்கு? அங்கிளிடம் விடை தயார்: "கேஎல்காரனுக்கு."

2021 ஆகஸ்டில் நாட்டின் ஒருநாள் தொற்று 20,000-ஐத் தாண்டியது. "மூணு கோடிப் பேருல இதெல்லாம் ஒரு கணக்கா?" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. தேயிலைத் தூசியாம். தூசிக்கு ஏன் காய்ச்சல் அடிக்கிறது என்று கேட்ட மகள், மருந்துக்கடையிலிருந்து கிட்டு வாங்கி வந்தாள். இரண்டு கோடு.

அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டாவது மங்கலா இருக்கு பாரு. நமக்குப் பாதிதான்லா வந்திருக்கு."