நாடு எத்தனை மூட்டை?

நாடு நல்லாருக்கா, நாசமாப் போச்சான்னு தெரிஞ்சுக்கணும்னா, தம்பி, மார்கழி மாசம் நாட்றாம்பாளையம் வந்து எங்க ராகிக் காட்டுப் பரண்லே ஒரு ராத்திரி படு. வரும்போது கம்பளி ஒண்ணு, காதுக்குப் பஞ்சு கொஞ்சம் எடுத்துட்டு வா. கம்பளி குளிருக்கு. பஞ்சு என் பேரன்களுக்கு.

மகன் வயித்துப் பேரன் மூத்தவன், ஓசூர்லே கம்பெனி வேலைக்குப் போறான். மகள் வயித்துப் பேரன் பி.ஏ. முடிச்சிட்டு நாலு வருஷமா குரூப்-4 பரீட்சைக்குப் படிக்கிறான். அவனும் பரீட்சையை விடலை, பரீட்சையும் அவனை விடலை. கதிர் முத்தற நேரத்துக்குச் சாமி காட்டை விட்டு இறங்கிடும். யானையை நான் அப்படித்தான் சொல்லுவேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்து நின்னுடுமோன்னு ஒரு பயம். சாமி இறங்கற நேரமாச்சேன்னு ரெண்டு பேரையும் காவலுக்குக் கூட்டிப் போனேன். ஆளுக்கொரு டார்ச்சு குடுத்தேன். அவனுங்க அதைக் கீழே வெச்சிட்டு ஆளுக்கொரு போனை எடுத்தானுங்க.

"மச்சான், 2022-லேயே பிரிட்டனைத் தாண்டி உலகத்திலே அஞ்சாவது பெரிய பொருளாதாரம் ஆயிட்டோம் நாம" அப்படின்னான் ஓசூர்க்காரன்.

"அந்தப் பணத்தை ஆளுக்கு இவ்வளவுன்னு பங்கு போடு மச்சான். நூறு நாட்டுக்குப் பின்னாடி நிக்கிறே" அப்படின்னான் பரீட்சைக்காரன்.

"தமிழ்நாடு 2024-25-லே 11.19 சதவீதம் வளந்திருக்குது."

"2024 உலகப் பட்டினிக் குறியீட்டிலே 127 நாட்டுலே இந்தியா 105-ஆவது."

"அந்தக் கணக்கு போடற முறையே தப்புன்னு அரசாங்கம் சொல்லியிருக்குது."

"உன் கணக்கு சரின்னு சொன்னது யாரு? அதே அரசாங்கம்தானே?"

ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். அதுதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பொய் சொல்றவனை மடக்கிடலாம்ப்பா. ஆளுக்கொரு நிஜத்தைக் கையிலே வெச்சிருக்கறவனை யாராலே மடக்க முடியும்? ரேஷன்லே 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு அஞ்சு கிலோ தானியம் இலவசம். 2024 ஜனவரியிலிருந்து இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீட்டிச்சிட்டாங்க. மூத்தவன் அதைச் சொல்லி, "பாரு, யாரையும் பட்டினி போடலை" அப்படின்னு மார் தட்டறான். இளையவன் அதே 80 கோடியைச் சொல்லி, "பாரு, வாங்கித் திங்க வக்கில்லாதவங்க இத்தனை கோடி" அப்படின்னு தலையிலே அடிச்சிக்கிறான். ஒரே அரிசி. ஒருத்தனுக்குப் பொங்கல், ஒருத்தனுக்கு வாய்க்கரிசி.

போன்லேயே இன்னொண்ணு படிச்சானுங்க. உலக சந்தோஷ அறிக்கையாம். 2025-லே 147 நாட்டுலே நமக்கு 118-ஆவது எடம். சந்தோஷத்தை எப்படிடா அளந்தாங்கன்னு கேட்டேன். ஒரு ஏணியை மனசிலே நினைச்சுக்கச் சொல்லி, அடியிலே சைபர், உச்சியிலே பத்து, நீ எந்தப் படியிலே நிக்கிறேன்னு கேப்பாங்களாம். என்னைக் கேட்டிருந்தா, "அது இருக்கட்டும் சாமி, ஏணியைக் கீழே யாரு பிடிச்சிருக்கா?"ன்னு நான் கேட்டிருப்பேன். பரண் ஏறி இறங்கறவனுக்குப் படி முக்கியமில்லே, பிடிச்சிருக்கற கைதான் முக்கியம்.

நீ எதுக்கும் சூதானமா இருந்துக்கோ தம்பி. நாடு நல்லாருக்குன்னு சொல்லணும்னா சம்பளம் ஏறின அன்னிக்குச் சொல்லிடு, இருபத்தஞ்சாம் தேதிக்கு மேலே வாயைத் திறக்காதே. நாடு நாசமாப் போச்சுன்னு சொல்லணும்னா பஸ்ஸுக்காக ரெண்டு மணி நேரம் நின்னுட்டுச் சொல்லு, குரல் நல்லா எடுக்கும். ஓசூர்லே 2,000 ஏக்கர்லே, வருஷத்துக்கு 3 கோடிப் பேர் ஏறி இறங்கற மாதிரி ஏர்போர்ட் வரும்னு 2024 ஜூன்லே சட்டசபையிலே சொன்னாங்க. வரட்டும், சந்தோஷம். ஆனா கடைசி பஸ்ஸை விட்டுட்டு ரோட்டோரம் நிக்கிறவன்கிட்டே போயி அந்தச் சேதியைச் சொல்லாதே. சேதி நல்ல சேதிதான், நேரந்தான் கெட்டது. 2004-லே "இந்தியா ஒளிர்கிறது"ன்னு நாடு பூரா விளம்பரம் பண்ணவங்க அந்த வருஷமே எலெக்‌ஷன்லே தோத்தாங்க. அது விளக்கு எரியற இடத்திலே நின்னு எழுதினது. இருட்டிலே நின்னவன் படிச்சான்.

"அந்தக் காலந்தான் நல்லாருந்தது"ன்னு என் வயசுக்காரன் எவனாவது சொன்னா அதையும் நம்பாதே. நான் பையனா இருக்கும்போது மூணு வேளையும் களிதான். அரிசிச்சோறு கண்ணிலே படறது பண்டிகைக்கு. ராகி தின்னவனுக்குப் பொண்ணு குடுக்க யோசிச்சாங்க. இப்ப ஐ.நா. சபையே 2023-ஐச் சிறுதானிய வருஷம்னு அறிவிச்சு, பெங்களூருக்காரன் டாக்டர் சீட்டைக் காட்டி ராகி வாங்கித் திங்கறான். நாங்க ஏழையாத் தின்னதைத்தான் அவன் பணக்காரனாத் திங்கறான். அந்தக் காலத்தை நினைச்சு அழற கிழவன் தேடறது அந்தக் காலத்தை இல்லே தம்பி, அந்தக் காலத்து முழங்காலை.

அன்னிக்குப் பரண்லே பேரன்களை வாய் மூட வைக்க எனக்கு ஒரே வழிதான் தெரிஞ்சுது. "டேய், பிலிகுண்டுலு தெரியுமா?"ன்னேன்.

தெரியாம இருக்குமா? எங்க மலையை விட்டுக் கீழே இறங்கினா காவிரிக் கரையிலே இருக்குது. கர்நாடகாவிலிருந்து வர்ற தண்ணி தமிழ்நாட்டுக்குள்ளே நுழையறப்போ மத்திய நீர்வள ஆணையத்துக்காரங்க அங்கேதான் அளக்கறாங்க. மழை பெஞ்சா பேப்பர்லே "நீர்ப்பிடிப்புப் பகுதிகளான அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், கேரட்டி"ன்னு எங்க ஊர்ப் பேர் வரும். மழை பெய்யலேன்னா எங்களை யாருக்கும் தெரியாது.

"கிருஷ்ணராஜ சாகர்லே நின்னுகிட்டு, கபினியிலே நின்னுகிட்டு, 'இத்தனை தொறந்து விட்டோம்'னு சொல்லலாம். அதுக்குக் கைதட்டு உண்டு. ஆனா கணக்கிலே ஏறறது பிலிகுண்டுலு வந்து சேர்ந்த தண்ணிதான். 2007-லே நடுவர் மன்றம் வருஷத்துக்கு 192 டி.எம்.சி.ன்னுச்சு. 2018 பிப்ரவரியிலே சுப்ரீம் கோர்ட் அதை 177.25 ஆக்கிச்சு. அளவு மாறுச்சு, அளக்கற கம்பு நட்ட எடம் மாறலை. கவனிச்சீங்களா?"

"அப்புறம் எதுக்குத் தாத்தா இன்னும் சண்டை?"ன்னான் இளையவன். பரீட்சைக்குப் படிக்கிறவன், கேள்வி கேக்கத் தெரியுது.

"சண்டை இருக்கும்டா. 2023 செப்டம்பர்லே வினாடிக்கு 5,000 கன அடி விடணும்னாங்க. அத்தனையும் போயிடுச்சேன்னு மாண்டியாவிலே ரோட்டுக்கு வந்தாங்க. இவ்வளவுதானான்னு தஞ்சாவூர்லே கொதிச்சாங்க. மறு வருஷம் ஆடியிலே லட்சம் கன அடிக்கு மேலே வந்துச்சு. மேட்டூர் 120 அடி நிரம்பிடுச்சு, டெல்டாவிலே ஒரே கொண்டாட்டம். அன்னிக்கு ஒகேனக்கல்லே தடை போட்டு, பரிசலெல்லாம் கரையிலே கவுந்து கிடந்துச்சு. பரிசல்காரன் வீட்டு அடுப்புக்கிட்டே போயி, 'ஆறு நல்லாருக்கா?'ன்னு கேட்டுப் பாரு. ஆனா 5,000 வந்துச்சா, லட்சம் வந்துச்சான்னு கேட்டா எல்லாருக்கும் அந்த ஒரு கம்புதான். நாட்டுக்கு அப்படி ஒரு கம்பு எங்கேடா நட்டிருக்கீங்க? இவன் அணை மேலே நடறான், அவன் வறண்ட வாய்க்கால்லே நடறான். தொறந்து விட்டதைக் கேக்காதே, வந்து சேர்ந்ததைக் கேளு."

ரெண்டு பேரும் வாய் மூடிட்டானுங்க. அப்பத்தான் 'சரக் சரக்'னு சத்தம் கேட்டுச்சு. டார்ச்சைத் தேடி எடுத்து அடிச்சுப் பாத்தா, மேக்கால வரப்பு ஓரமா மூணு சாமி நின்னு, கதிரை வளைச்சுப் பிடுங்கி, மண்ணை முட்டியிலே தட்டித் தட்டி வாயிலே போட்டுட்டிருக்குது. எங்க விவாதம் முடியற வரைக்கும் மரியாதையாக் காத்திருந்து, பந்தியிலே உக்காந்த மாதிரி. தகரம் தட்டி, கத்தி, நெருப்புக் காட்டி, காட்டுக்குள்ளே அனுப்பறதுக்குள்ளே பொழுது விடிஞ்சுடுச்சு.

மிச்சத்தை அறுத்துத் தார் ரோட்டிலே பரப்பினோம். லாரியும் வேனும் ஏறி மிதிச்சுக் குடுத்துடும், கூலி கிடையாது. நாடு எனக்குப் பண்ற உதவியிலே கண்ணாலே பாத்தது அது. அதை மறைச்சா பாவம். தூத்தி எடுத்து, படி போட்டு அளந்து கட்டினதிலே ஆறு மூட்டை.

"ஆறு மூட்டை! சாமி வந்தும் ஆறு தேறிடுச்சே"ன்னான் மூத்தவன்.

"பத்து வரவேண்டிய காட்டிலே ஆறா?"ன்னான் இளையவன்.

மறுபடியும் ஆரம்பிச்சிட்டானுங்க. நான் தடுக்கலை. அஞ்சுன்னு ஒருத்தனும் சொல்லலை, ஏழுன்னு ஒருத்தனும் சொல்லலை பாரு. அது போதும்னு மூட்டை வாயை இறுக்கிக் கட்டி, ஆளுக்கு மூணு தூக்குங்கடான்னேன்.