ஆர்.சி. மட்டும் என் பேரில்

தூத்துக்குடியில் சைடு ஸ்டாண்டை மடக்காமல் ஒருவன் ஐம்பது அடி போக முடியாது. ஊர் விடாது. முதலில் டீக்கடை வாசலில் நிற்பவர் கையை நீட்டிக் கீழே காட்டுவார். அதைக் கவனிக்காவிட்டால், எதிரே வரும் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு தலை வெளியே வந்து "ஸ்டாண்டு, ஸ்டாண்டு!" என்று கத்தும். அதுவும் காதில் விழவில்லையா, முன்பின் தெரியாத ஒரு பையன் விரட்டிக்கொண்டு வந்து, இடப்பக்கம் உரசி, ஓடுகிற ஓட்டத்திலேயே வலது காலை நீட்டி, தன் செருப்பால் நம் ஸ்டாண்டை மடக்கிவிட்டுப் போவான். நன்றி சொல்ல நாம் வாயைத் திறப்பதற்குள் சிக்னலைத் தாண்டியிருப்பான்.

2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலர்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அணைக்கிற சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். ஊர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பகலில் என் தங்கை மகன் வண்டியை எடுத்தால், எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஐந்து விரலையும் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று காட்டிக்கொண்டே போகிறார்கள். வாங்கிய புதிதில் அவன் வண்டியை நிறுத்திச் சட்டத்தை விளக்கிப் பார்த்தான். காலேஜுக்குப் போய்ச்சேரவில்லை. இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறான். அவன் வண்டியில் ஸ்டாண்டு போட்டிருந்தால் என்ஜினே ஓடாது. பாதுகாப்புக்கு நல்லதுதான். டீக்கடை வாசலில் நிற்பவருக்கு ஒரு பொறுப்பு குறைந்துபோனதை யாரும் யோசிக்கவில்லை.

என்னுடையது 2009-ல் வாங்கிய ஸ்ப்ளெண்டர். 97.2 சி.சி. கிக்கரை மிதித்தால்தான் கிளம்பும். ஹீரோவும் ஹோண்டாவும் 2010 டிசம்பரில் பிரிவதென்று முடிவெடுத்து, பாகப்பிரிவினை முடிந்து, ஆளுக்கொரு திசையில் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். என் பெட்ரோல் டேங்கில் மட்டும் இன்னும் கூட்டுக்குடும்பம்தான்.

"எவ்வளவு தருது?" என்று கேட்காதவர்கள் என் வட்டத்தில் இல்லை. இதற்கு உண்மையைச் சொல்லக் கூடாது. அறுபது என்றால், "எங்க மச்சினனுக்கு எழுபது தருதே, கார்புரேட்டரப் பாருங்க" என்பார்கள். எழுபது என்றால், "சும்மா அடிச்சு விடாதீங்க" என்பார்கள். அறுபத்தைந்து என்று சொன்னால் இரு தரப்பும் சமாதானமாகப் பிரியலாம். வண்டி நிஜத்தில் எவ்வளவு தருகிறது என்பதை அறிய டேங்கை ஒரு தடவை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்க்குப் போடுங்க என்று சொல்லியே வளர்ந்தவர்களால் ஆகிற காரியமா அது?

இந்த ஊரில் வண்டி வைத்திருப்பவனுக்கு உள்ள தனிப் பிரச்சினை உப்பு. நாட்டில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டில் எங்கள் மாவட்டம்தான் முதல். அதில் ஒரு பங்கு என் ரிம்மில் இருக்கிறது. உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே பெய்யாத வைகாசியிலும் இரும்பு ராத்திரி முழுக்க நனைந்தபடி நிற்கும். துரு முதலில் வருகிற இடம் எனக்குத் தெரியும்: ஸ்போக் கம்பி ரிம்முக்குள் நுழைகிற நிப்பிள். கடுகளவு ஆரஞ்சுப் பொட்டு. துணியால் துடைத்தால் போய்விடும், இரண்டு நாளில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு ரிம்மின் குரோம் பூச்சு சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காகக் கையோடு வரும். சுரண்டக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கை போகும்.

உப்பைக் கழுவத்தானே வேண்டும் என்பீர்கள். எதைக் கொண்டு கழுவுவது? எங்கள் தெருவில் போர்த் தண்ணீரும் உப்பு. காய்ந்தபின் டேங்கில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். நல்ல தண்ணீர் கார்ப்பரேஷன் குழாயில் வரும், வருகிற நாளில். அதில் ஒரு வாளியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால், "குடிக்கிற தாமிரபரணிய டயருக்கு ஊத்துறியளா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். என் மனைவியின் கேள்விகளுக்கு நான் பெரும்பாலும் பதில் தேடுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய பனியன், பல் தேய்த்து ஓய்ந்த பிரஷ், ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டோடு உட்கார்ந்தால், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி: "என்ன, வண்டிய விக்கப் போறியளா?" பைக்கைக் கழுவ வேறு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இல்லை என்று சொன்னால் ஏமாற்றத்தோடு நின்று வைத்தியம் சொல்லத் தொடங்குவார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தேங்காயெண்ணெய்க் கட்சி. விசைப்படகில் வேலை பார்க்கிறவர், "கடல்லயே கெடக்குற இரும்புக்கு நாங்க என்ன செய்யுதோம்? கிரீஸ அப்புங்க" என்றார். இந்த விஷயத்தில் அவர் சொல்தான் எடுபட வேண்டும், எடுபடவில்லை. ஏனென்றால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, நான் கை கழுவ உள்ளே போன நேரத்தில், எங்கிருந்தோ வேஸ்ட் ஆயிலைக் கொண்டுவந்து ஸ்போக், ரிம், சைலன்ஸர் எல்லாவற்றிலும் பூசி முடித்திருந்தார். மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்பினேன். சைலன்ஸர் சூடானதும் எண்ணெய் புகைய ஆரம்பித்தது. பாளையங்கோட்டை ரோடு நெடுக, "சார், வண்டி புகையுது!" என்று எனக்காக ஓடிவந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. ஒருவர் மண்ணை வேறு அள்ளி வைத்திருந்தார்.

என் மெக்கானிக் இரண்டாம் கேட் பக்கம், வேப்பமரத்தடியில். யார் கொண்டுபோன வண்டியானாலும் முதலில் கேட்பது, "இதுல எவன் கை வச்சான்?" அவரிடம் தவிர வேறு எங்கும் நான் போனதில்லை. ஆனாலும் அந்த எவனோ ஒருவன் வந்து கை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. என்ஜின் மேலே டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றேன். டேப்பெட் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூவை நிமிண்டி, கையாலேயே ஆட்டிப் பார்த்தார். அங்கே விட வேண்டிய இடைவெளி ஒரு தாளின் கனத்தைவிடக் குறைவு. அளக்க கேஜ் தகடு உண்டு. அது டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. "சத்தமே வராம டைட்டா வச்சிட்டா சந்தோசமாத்தான் இருக்கும் சார். சூடேறுனா வால்வு சரியா மூடாது, கருகிப்போவும். கொஞ்சம் சத்தம் இருந்துட்டுப் போட்டும்." சத்தத்தை எடுக்கச் சொல்லி வந்தவன், சத்தம் இருக்கட்டும் என்று காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் வேடிக்கை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "சாவியக் குடுங்க, இந்தா வந்துருதேன்" என்று போவார். போகும்போது டேங்கில் இருப்பது திரும்பும்போது இருக்காது, ஆனால் வண்டி வந்துவிடும். பெட்ரோல் குழாயின் திருகை ரிசர்வில் திருப்பி வைத்து, கடைசிச் சொட்டில் வாசலுக்குள் நுழைகிற அந்தக் கணக்கு எனக்கு வராது. ஒருமுறை வண்டி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ச் சாளைப் பையோடு வந்தது. மீன் தண்ணீர் சீட்டின் தையல் வழியாக உள்ளே இறங்கிவிட்டது. அன்றிரவு தொடங்கித் தெருப்பூனைகள் அந்த சீட்டைப் பட்டா போட்டுக்கொண்டன. ஒரு கிழட்டுக் கடுவன் நாள்தோறும் நகத்தைத் தீட்டிப் பஞ்சை வெளியே எடுத்தது. புது சீட் கவர் போட்டேன். அண்ணாச்சி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பழையதே மெத்தென்று இருந்ததாகச் சொன்னார்.

இதையெல்லாம் சொன்னாலும் 2023 டிசம்பரை மறக்க முடியாது. 17, 18 தேதிகளில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வண்டிகளைத் தூக்கித் திண்ணையில் வைத்தோம், திண்ணையும் முங்கியது. தண்ணீர் வடிந்த அன்றைக்கு, ஊரில் முதல்முறையாக எல்லோரும் ஒரே ஆலோசனையைச் சொன்னார்கள்: கிக்கரை மிதிக்காதே. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, மிதிக்கிற வேகத்தில் ராடு வளையும். யார் வீட்டில் யார் மிதித்துவிடுவாரோ என்று அண்ணாச்சி தெருமுனையில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். என் வண்டி சாவியை என்னிடமிருந்தே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். மெக்கானிக் கடை முன் வண்டிகள் நாலு வரிசை. பிளக்கைக் கழற்றி, கீழே நட்டைத் திறந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஆயில் பால் டீ நிறத்தில் கொட்டியது. புது ஆயில் ஊற்றி, ஓடவிட்டு, அதையும் கொட்டி, மறுபடி ஊற்றினார். என் வண்டி கிளம்பியபோது கைதட்டியவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது.

மறுவருஷம் ஆர்.சி.க்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. பசுமை வரி கட்டி, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் காட்டினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். ஹேண்டில்பார் கழுத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி அச்சு எடுக்க வேண்டும். வெள்ளத்துச் சேறும் துருவும் சேர்ந்து அங்கே எண்ணே தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். ஒருவர் எலுமிச்சம்பழம் என்றார். உப்புத்தாளை எடுத்து நீட்டிய பையனிடம் ஒரு பெரியவர், "ஏல, நம்பர் அழிஞ்சிரும், பெறவு திருட்டு வண்டின்னு எழுதிருவாவ" என்று பிடுங்கிக்கொண்டார். கடைசியில் துணைக்கு வந்திருந்த அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்தார். வாத்தியார் கொடுத்துவிட்டாராம். பழைய பிரஷால் தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

இன்சூரன்ஸ் தாளை ஜெராக்ஸ் எடுக்க எதிர்க்கடைக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் ஆய்வாளர் வந்து, லைட், ஹாரன் எல்லாம் பார்த்துவிட்டு, "வண்டி யாருது?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்: "நம்மதுதான் சார்."

2029 வரை புதுப்பித்தாயிற்று.