பீன்ஸ் நோக்கில் நெப்போலியன்: ஓர் ஆய்வு

0. முன்னுரை

ஆய்வுக் கட்டுரைக்கு முன்னுரை வேண்டும் என்பது விதி. இது முன்னுரை.

1. ஆய்வுச் சிக்கல்

ரிட்லி ஸ்காட் இயக்கிய 'நெப்போலியன்' 2023இல் வெளிவந்தது. 1793இல் அரசி மரி அந்துவானெத்தின் தலை விழுவதில் தொடங்கி, 1821இல் நாயகன் நாற்காலியிலிருந்து சாய்வதில் முடிகிறது. நடுவே துலோன், எகிப்து, முடிசூட்டு விழா, ஆஸ்டர்லிட்ஸ், மாஸ்கோ, எல்பா, வாட்டர்லூ. ஒவ்வொரு சண்டைக்கும் இடையில் ஜோசஃபின். இருபத்தெட்டு ஆண்டுகளை இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலே அடக்கியிருக்கிறார்கள். போதவில்லை என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே முக்கால் மணி நேரம் கூட்டி இன்னொரு வடிவம் வெளியிட்டார்கள். படத்தின் நோய் நீளக் குறைவு என்று எந்த வைத்தியர் சொன்னாரோ தெரியவில்லை.

இந்த நோயைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் உட்கார்ந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்கள். அதன் பெயர் 'தோற்றமும் வளர்ச்சியும்'. ஆய்வேடு எதைப் பற்றியதாக இருந்தாலும் முதல் இயல் இதுதான். சிறுகதையில் வரும் குடையைப் பற்றி ஆராய்பவரும் சிறுகதையின் தோற்றம் வளர்ச்சி, குடையின் தோற்றம் வளர்ச்சி, மழையின் தோற்றம் வளர்ச்சி என்று எழுதி முடிக்கையில் முந்நூறு பக்கம் நிரம்பிவிடும். குடையை விரிக்க இடமிருக்காது. ஸ்காட் செய்திருப்பது நெப்போலியனின் தோற்றமும் வளர்ச்சியும். பட்டம் கொடுக்கலாம். படம் என்று சொல்ல முடியாது.

2. முன்னாய்வுகள்

2.1 ஏபெல் கான்ஸ் (1927): மௌனப்படம். மீட்டெடுக்கப்பட்ட வடிவங்களில் ஒன்று ஐந்தரை மணி நேரம் ஓடுகிறது. அத்தனை நேரம் ஓடியும் இத்தாலியப் படையெடுப்பின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆறு படம் எடுப்பதாகத்தான் திட்டம். முதல் படத்திலேயே பணம் தீர்ந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கு வறுமையைப் போன்ற படத்தொகுப்பாளர் வேறில்லை.

2.2 செர்கேய் போந்தார்சுக், 'வாட்டர்லூ' (1970): சோவியத் ராணுவத்திலிருந்து ஆயிரக்கணக்கான சிப்பாய்களை வாங்கி நடிக்க வைத்த படம். ஒரே போரைப் பற்றியது என்பதால் நம் கருதுகோளுக்கு அருகில் வருகிறது. வசூலில் விழுந்தது. அதைக் கண்டு இன்னொருவருக்குப் பணம் போட இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அந்த இன்னொருவர்:

2.3 ஸ்டான்லி குப்ரிக்: நெப்போலியனும் அவனைச் சுற்றியிருந்தவர்களும் எந்த நாளில் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அட்டை அட்டையாகத் தொகுத்து அலமாரிகளை நிரப்பியவர். திரைக்கதையும் எழுதினார். படம் எடுக்கவில்லை. தரவு சேகரிப்பிலேயே ஆயுளைக் கழிக்கும் ஆய்வாளர் கூட்டம் இவர் படத்தை மாட்டிப் பூப்போடலாம்.

3. வரலாற்றுப் பிழைகள்

உண்டு. (காண்க: பிரமிடு மீது பீரங்கிக் குண்டு.)

3.1 பிழை சுட்டிய வரலாற்றாசிரியர்களைப் பார்த்து, நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று இயக்குநர் கேட்டார். இந்தக் கேள்வியை வாய்மொழித் தேர்வில் அனுமதித்தால் சங்ககால ஆய்வுத்துறை முழுவதையும் ஒரே பிற்பகலில் மூடிவிடலாம்.

4. கருதுகோள்

படத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்றால் பலரும் ஜோசஃபினை மட்டும் வைத்துக்கொள் என்பார்கள் (வாய்மொழித் தரவு, பாப்கார்ன் வரிசை, இடைவேளை). வனெஸ்ஸா கிர்பி நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் காதல் கதைக்குப் பேரரசன் தேவையில்லை, கணக்கர் போதும். தவிர, ஜோசஃபின் 1814இலேயே இறந்துவிட்டார். நம் படம் 1815 அக்டோபரில்தான் தொடங்குகிறது.

கைதியான நெப்போலியனை ஏற்றிக்கொண்டு நார்தம்பர்லாண்ட் என்ற கப்பல் செயின்ட் ஹெலினாவை வந்தடைகிறது. ஆப்பிரிக்கக் கரைக்கு ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கின் நடுவே ஒரு பாறைத் தீவு. ஐரோப்பாவையே ஆட்டி வைத்தவனுக்கு எலிகள் மலிந்த லாங்வுட் மாளிகை. அடுத்த ஏப்ரலில் புதிய ஆளுநர் ஹட்சன் லோ வருகிறார். இனிப் படம் இந்த இருவரைப் பற்றியது. அவர்கள் சண்டை பெயரைப் பற்றியது. தன்னைப் பேரரசர் என்று அழைக்க வேண்டும் என்பது நெப்போலியன் கட்சி. ஜெனரல் போனபார்ட் என்றுதான் அழைப்பேன் என்பது லோ கட்சி.

இருவரும் சந்தித்தது ஆறே முறை. கடைசிச் சந்திப்பு 1816 ஆகஸ்டில். அதன் பிறகு ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவாக, சில மைல் தூரத்தில் இருந்துகொண்டே, முகத்தில் விழிக்காமல் காகிதத்தில் சண்டை போட்டார்கள். செலவைக் குறை என்றால், வெள்ளித் தட்டுகளை உடைத்து விற்கச் சொல்லி ஊர் அறிய அவமானத்தைக் காட்சியாக்குகிறார் கைதி. பேரரசர் நெப்போலியனுக்கு என்று லத்தீனில் எழுதி ஒருவர் புத்தகம் அனுப்பினால், அந்த ஒரு சொல்லுக்காகப் புத்தகத்தை நிறுத்தி வைக்கிறார் காவலர். நாளுக்கு இரண்டு முறை கைதியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று ஓர் அதிகாரியை அமர்த்துகிறார். கைதி ஜன்னல் கதவில் துளை போட்டு உள்ளிருந்து பார்க்கிறார். அதிகாரி மணிக்கணக்கில் வெளியே நிற்கிறார். இதற்கு மேல் என்ன திரைக்கதை வேண்டும்?

போர்க்களம் வேண்டும் என்பார் தயாரிப்பாளர். இருக்கிறது.

5. பீன்ஸ்

5.1 நிகழ்வு: ஆண்டு 1820. லாங்வுட்டில் தோட்ட வேலை மும்முரம். நெப்போலியனின் பரிவாரத்தில் இருந்த மோந்தோலோன், பிரெஞ்சு அரசரின் பிரதிநிதியாகத் தீவில் இருந்த மோந்ஷெனுவுக்குக் கொஞ்சம் பீன்ஸ் விதை கொடுக்கிறார். சில வெள்ளை, சில பச்சை. மோந்ஷெனு இதை வெள்ளந்தியாக ஆளுநரிடம் சொல்கிறார்.

லோ இதை லண்டனில் இருந்த அமைச்சர் பாதர்ஸ்ட் பிரபுவுக்கு எழுதினார். இது கற்பனையன்று. வெள்ளை பீன்ஸ் பூர்போன் வம்சத்தின் வெள்ளைக் கொடியையும், பச்சை பீன்ஸ் ஜெனரல் அணியும் பச்சை அங்கியையும் அவருடைய பணியாளர் சீருடையையும் குறிக்குமா என்று தம்மால் சொல்ல இயலவில்லை. ஆயினும் மோந்ஷெனு இரண்டையும் மறுத்திருந்தால், அல்லது வெள்ளையை மட்டும் கேட்டிருந்தால், முறையாக இருந்திருக்கும் என்பது கடிதத்தின் சாரம்.

5.2 உரைநெறி: இந்த நூற்றாண்டில் எழுதும் எந்தக் குறியியல் அறிஞரையும்விட லோ பெரியவர் என்று இக்கட்டுரையாளர் துணிகிறார். நச்சினார்க்கினியர் பரம்பரையில் வைத்தே இவரைப் பார்க்க வேண்டும். 'வெள்ளை என்றது கொடியை. பச்சை என்றது அங்கியை. இரண்டும் ஒருங்கே கொடுத்தது அரசுரிமை இன்னும் தீரவில்லை என்னும் குறிப்புத் தோன்ற' என்று ஆளுநர் தமிழில் உரை எழுதியிருந்தால் நாம் இன்றும் மனப்பாடம் செய்துகொண்டிருப்போம் (ஒப்பிடுக: இக்கட்டுரையாளரின் 'அவரை இனப் பயிர்களில் இறையாண்மை', எழுதப்படவில்லை, தொகுதி 2).

5.3 திணை: தீவாதலால் நிலம் நெய்தல். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. நெப்போலியன் இறந்தது 1821 மே 5, மாலை ஆறு மணிக்குச் சற்று முன். உரிப்பொருள் இரங்கல் என்பதை விளக்கவும் வேண்டுமோ! லாங்வுட் மேட்டுநிலத்தில், மூடுபனியில் இருக்கிறதே, குறிஞ்சி ஆகாதா என்று கேட்பவர்களுக்குத் திணை மயக்கம் என்ற பதில் தயாராக இருக்கிறது. நம் துறையில் பொருந்தாத எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். நெய்தலின் கருப்பொருள் பட்டியலில் பீன்ஸ் இல்லை என்பது மெய்தான். ஏடு செல்லரித்த இடத்தில் இருந்திருக்கலாம் (மேற்படி, தொகுதி 3, செல்லரித்த பக்கங்கள், கரையானின் முன்னுரையுடன்).

5.4 பள்ளிகள்: பச்சைவாதிகள் இதைச் சதி என்பர். வெள்ளைவாதிகள் சமாதானத் தூது என்பர். மூன்றாம் பள்ளியினர், தோட்டத்தில் விளைந்ததை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது வழக்கம்தானே என்பர். இவர்களுக்கு ஆய்வுப் பின்புலம் இல்லாததால் கருத்தரங்குக்கு அழைக்கப்படுவதில்லை.

5.5 காட்சியமைப்பு: ஆஸ்டர்லிட்ஸில் பனி உடைந்து குதிரைகள் மூழ்குவதற்குச் செலவழித்த பணத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும். மேசை மேல் ஒரு கைப்பிடி விதை. மெழுகுவத்தி. பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதும் லோ. 'வெள்ளையை மட்டும்' என்ற இடத்தில் எழுந்து நடந்து, திரும்ப வந்து, அடிக்கோடிடுகிறார். பேரரசுகளின் பயத்தை வாட்டர்லூவில் வாளை உருவிக்கொண்டு ஓடும் நாயகன் காட்டவில்லை. இந்த மேசை காட்டும்.

6. தமிழ்த் தொடர்பு

இல்லாமல் இருக்குமா? செயின்ட் ஹெலினா 1834 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமை. சென்னையை ஆண்டதும் அதே கம்பெனி. நெப்போலியன் வந்திறங்கியபோது தீவின் ஆளுநர் மார்க் வில்க்ஸ். சென்னைப் படையில் இருந்து, மைசூரில் ரெசிடென்ட்டாகப் பணிபுரிந்து, தென்னிந்திய வரலாறு எழுதியவர். அவரோடு நெப்போலியன் இணக்கமாகவே பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாகத்தான் லோ வந்தார். அந்த லோ பின்னால் 1825 முதல் இலங்கையில் படைத்தலைவராக இருந்தார். ஆகவே நெப்போலியன் தமிழரே என்று நிறுவ இன்னும் ஒரு கல்வெட்டுதான் பாக்கி. அந்தப் பணியை அதற்கென்றே இருக்கும் அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

7. உச்சக்காட்சி

நெப்போலியன் இறந்த பிறகும் சண்டை ஓயவில்லை. கல்லறைக் கல்லில் 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்றது பரிவாரம். பேரரசர்களுக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாது. 'போனபார்ட்' சேர்க்காமல் முடியாது என்றார் லோ. இருவரும் விடவில்லை. கல்லில் எதுவுமே பொறிக்கவில்லை. 1840இல் உடலைத் தோண்டி எடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோகும் வரை அந்தக் கல் அப்படியேதான் இருந்தது. கடலளவு படை திரட்டிய இயக்குநருக்கு இந்த வெற்றுக்கல் கண்ணில் படவில்லை என்பதே இக்கட்டுரையின் ஒரே குற்றச்சாட்டு.

8. முடிவுரை

தயாரிப்பாளர்களுக்கு: தொண்ணூறு நிமிடம், ஒரு வீடு, ஒரு தோட்டம், இரண்டு பிடிவாதக்காரர்கள். 1815க்கு முன்னால் ஒரு காட்சி சேர்த்தாலும் டைட்டிலில் என் பெயரைப் போட வேண்டாம். சேர்க்காவிட்டால் போடலாம். போடும்போது, தயவுசெய்து, முனைவர் என்று போட்டுவிட்டுப் பெயரைப் போடவும். வெறும் பெயரை மட்டும் போட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.