சக்கரம் வைத்த வீடு

“அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு, மோட்டார்ஹோமில் ஊர் சுற்றிக்கொண்டே வெப் டிசைன் தொழில் செய்யப் போகிறேன். சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் வரியில் கழிந்துவிடுமாமே! பொறாமையாக இருக்கிறதா?” என்கிறீர்கள்.

வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவர், வீட்டை விட்டு வெளியூர் போவது எப்போது? அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கேட்பதும் இதைத்தான். நிலையான வீடோ தொழிலிடமோ இல்லாதவரை அது நாடோடிக் கணக்கில் சேர்த்துவிடும். சாப்பாட்டையும் தங்கும் செலவையும் கழிக்க விடாது.

“வண்டிக்குள்ளே ஒரு மேஜை இருக்கிறது. அதையாவது ஆபீஸ் என்று காட்டலாமா?”

காலையில் லேப்டாப், மதியம் சாம்பார் என்றால் முடியாது. அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே இருக்க வேண்டும். மோட்டார்ஹோம்காரர்கள் கூடும் இடங்களுக்குத் தன் வண்டியிலேயே போய், அவர்களுக்கு இன்சூரன்ஸ் விற்றார் ஒருவர். வாடிக்கையாளர்களைச் சந்தித்ததும் அந்த வண்டியில்தான். அப்படியும் 2014-இல் அமெரிக்க வரி நீதிமன்றம் அதை வீடு என்றே சொல்லி, தேய்மானக் கழிவை மறுத்துவிட்டது. ஆண்டில் 14 நாளைத் தாண்டிய சொந்த உபயோகம்தான் காரணம். இந்த மனிதருக்கே இல்லை என்றால் உங்கள் மேஜை எம்மாத்திரம்?

ஆனால் தொழிலுக்கான லேப்டாப், சாஃப்ட்வேர், இணையக் கட்டணத்தில் தொழிலின் பங்கு, இவற்றை எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் கழிக்கலாம். பில்களை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.