பத்தாம் பாகத்து மந்தம்: ஓர் ஆய்வு

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், எபிக் ஃபேன்டஸி எனப்படும் மிகுபுனைவு நெடுந்தொடர்களைப் படிப்பவன் திட்டிக்கொண்டே படிக்கிறானே, படித்துக்கொண்டே திட்டுகிறானே, அந்த மனநிலையை ஆராய்தல் நுதலிற்று. ஆய்வு எல்லை: ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’, முன்கதை நீங்கலாக 14 பாகங்கள். ஆய்வுக்களம்: எங்கள் வீட்டுத் திண்ணை. முதன்மைத் தரவு: ஆய்வாளனின் வயிற்றெரிச்சல்.

முதல் பாகம் 1990இல் வந்தது. ஒரு கிராமத்திலிருந்து சின்னக் கூட்டம் ஒன்று உயிருக்குத் தப்பி ஓடுகிறது. எல்லாரும் ஒரே பாதையில் போகும்வரை கதைக்குக் குதிரை வேகம். பிறகு ஆளுக்கொரு திசையாகப் பிரிகிறார்கள். ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு பகை, ஆளுக்கொரு மனக்குறை. ஆசிரியர் ஒவ்வொருவரையும் போய் நலம் விசாரித்து வரவேண்டியிருக்கிறது. பொங்கல் சீர் கொண்டுபோகும் அண்ணன் நிலைமைதான். நாலு தங்கை என்றால் ஒரு நாளில் முடியும். நாற்பது தங்கை என்றால் சுற்றி முடிப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும்.

இந்த மந்தம் முற்றியதற்குச் சான்று 2003இல் வந்த பத்தாம் பாகம், ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்’. ஒன்பதாம் பாகத்தின் கடைசியில் நாயகன் மாபெரும் மந்திர வினை ஒன்றை நிகழ்த்துகிறான். சரி, இனிமேல் என்ன ஆகும் என்று பத்தைத் திறந்தால், அது நடந்த அதே பொழுதில் மற்றவர்கள் எங்கெங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே பெரும்பகுதி. தொலைவில் ஏதோ நடக்கிறதென்று ஒருவர் மாற்றி ஒருவர் திடுக்கிடுகிறார்கள். ஆய்வாளன் முதல் திடுக்கிடலில் தானும் திடுக்கிட்டான். நான்காவதில் காபி போடப் போனான்.

அந்தப் பாகத்தில் பெரின் என்பவனின் மனைவியை எதிரிகள் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவன் மீட்கப் போகவேண்டும். அதற்குப் படை வேண்டும். படைக்குச் சாப்பாடு வேண்டும். தானியம் வாங்க ஓர் ஊருக்குப் போகிறான். நான் திண்ணையில் கிடந்து இதைப் படிக்கையில், எதிரே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்.

“என்னடா, முகம் இப்படிப் போகுது? யாராச்சும் செத்துட்டாங்களா?”

“இல்லம்மா. தானியத்துல வண்டு விழுந்திருச்சு.”

“அதுக்கா இத்தாம்பெரிய புஸ்தகம்? வெயில்ல கொட்டி, நாலு வேப்பிலையப் போட்டா சரியாப் போச்சு.”

அந்த ஊரில் செத்தவர்கள் ஆவியாய் நடமாடுகிறார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். அம்மா வண்டைவிட்டு நகரவில்லை. இந்தப் பாகத்தைப் பற்றி இதைவிடச் செறிவான விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

நைனீவ் என்பவள் கோபம் வந்தால் தன் சடையைப் பிடித்து இழுப்பாள். எத்தனை முறை இழுக்கிறாள் என்று ஓரத்தில் பென்சில் கோடு போட்டுக் கணக்கெடுக்கும் கிளை ஆய்வு ஒன்றும் தொடங்கப்பட்டது. பென்சில் தேய்ந்ததால் கைவிடப்பட்டது. அவளுக்கு இன்னும் முடி மிஞ்சியிருப்பதைத்தான் இந்தத் தொடரின் ஆகப்பெரிய மந்திரமாகக் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவன் ஏன் நிறுத்தவில்லை எனின், சீட்டுக் கட்டியவனைக் கேட்க. ஒன்பது மாதம் கட்டியவன் பத்தாம் மாதம் ‘எனக்கு அலுத்துவிட்டது’ என்பானா? பொறுமையில்லாதவன் முதல் மாதமே கழன்றுகொள்வான். மற்றவன் சீட்டுப் பிடிப்பவரைத் தெருமுனையில் ஏசிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பணம் எடுத்துவருவான்.

அற்றன்று, சீட்டுப் பிடிப்பவர் ஒழுங்காக நடந்தால் ஏச்சு நின்றுவிடுமே எனின், நிற்காது. ஸ்டீவன் எரிக்சன் தம் ‘மலாசன்’ தொடரின் பத்துப் பாகங்களையும் 1999 முதல் 2011க்குள் சொன்னபடி முடித்தார். அவரைக் குறைசொல்ல முடியாத வாசகர்கள், முதல் பாகம் புரியவில்லை என்று குறைசொல்கிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் வகையறா வேறு. மூன்று பாகம் என்று நினைத்து ஆரம்பித்தவர். 2005இல் நான்காம் பாகத்தின் பின்குறிப்பில், அடுத்தது மறு ஆண்டே வரும் என்று நம்பிக்கை தெரிவித்தார். வந்தது 2011இல். ஆறாவதற்கு அவருடைய வாசகர்கள் இன்னமும் சீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஜோர்டான் 2007இல் இறந்துபோனார். இன்னும் ஒரே பாகம்தான் என்பது அவர் கணக்கு. அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், குறிப்புகளை பிராண்டன் சாண்டர்சனிடம் கொடுத்து முடித்துத்தரச் சொன்னார். அந்த ஒன்று மூன்றாகி, 2013இல் முடிந்தது. சாண்டர்சன் கை வைத்ததும் கதை ஓடத் தொடங்கியது. எனக்கு அதிலும் ஒரு குறை. இவ்வளவு வேகமாகப் போகிறதே, யாராவது ஓர் ஊரில் இறங்கி வண்டு பார்க்கக் கூடாதா என்று இருந்தது. கடைசிப் பக்கத்தை முடித்த இரவு, சீட்டுப் பணம் முழுசாகக் கைக்கு வந்தவன் மாதிரி திருதிருவென்று உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் எங்கே போய்க் கட்டுவது?

மறுநாள் அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டா, அந்த வண்டு விழுந்த தானியம் என்னாச்சு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “புடைச்சு எடுத்துட்டாங்கம்மா. அடுத்த பாகத்துல அவன் பொண்டாட்டியையும் மீட்டுட்டான்.”

“அடுத்த பாகம் எப்ப வந்துச்சு?”

“ரெண்டு வருசம் கழிச்சு.”

“பாவம்டா அந்தப் பொண்ணு,” என்றாள் அம்மா.