மாஸ்டரின் கால்களுக்கும் ஓர் உரிமம் வேண்டி…

அனுப்புநர்
உரிமம் உள்ள, ஓட்டத் தெரியாத குடிமகள் ஒருத்தி.

பெறுநர்
மதிப்பிற்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.
(எந்த ஊர் என்று எழுதவில்லை. எந்த ஊரில் பிரித்தாலும் பொருந்தும்.)

பொருள்: கார் ஓட்டுநர் உரிமம் – எனக்கு மட்டும் வழங்கப்பட்டது – டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கால்களுக்கும் உரிய பங்கு கோருதல் – தொடர்பாக.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 – விதி 15.

ஐயா / அம்மையீர்,

உரிமம் விரைவுத் தபாலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. வழவழவென்று நல்ல அட்டை. படம்கூடப் பரவாயில்லை. ஓட்டும் தைரியத்தை மட்டும் உறைக்குள் காணோம். தனித் தபாலில் வருகிறதோ என்று தபால்காரரைக் கேட்டேன். அப்படி எதுவும் வரவில்லை என்றார்.

துறையின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தேறியது ஒருவர், உரிமம் போனது இன்னொருவருக்கு, அவ்வளவே. தேர்வன்று மைதானத்தில் ஸ்டியரிங் என் கையில் இருந்தது, உண்மை. கிளட்ச்சும் பிரேக்கும் பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டரின் பொறுப்பில் இருந்தன. பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயா வேப்பமர நிழலில் நின்றபடி பார்த்தார். அங்கிருந்து கை தெரியும், கால் தெரியாது. கார் கிளம்பியது, நின்றது, ரிவர்ஸில் ஒழுங்காக வந்தது. “பாஸ்” என்றார். மாஸ்டரின் முகத்தில் தெரிந்த பெருமிதம் நியாயமானதே. தேர்வு எழுதியவர் அவர்தானே!

விதி 15-ஐத் தேடிப் படித்தேன். என்ன ஓர் இலக்கியம்! கண்ணாடியைச் சரி செய்ய வேண்டும். டாப் கியர் வரை எல்லாக் கியரும் போட வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸில் நுழைய வேண்டும். முத்தாய்ப்பாக, ஸ்டியரிங்கைத் தன்னம்பிக்கையோடு கையாண்டு வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்துக் காட்ட வேண்டும். தன்னம்பிக்கை என்ற சங்கதியை அரசு விதிக்குள் கொண்டுவந்த புண்ணியவான் யாரோ, அவருக்கு என் வணக்கம். ஆனால் அவர் எங்கள் ஊர் மைதானத்தைப் பார்த்ததில்லை. அங்கே மூன்றாவது கியருக்குள் காம்பவுண்டுச் சுவர் வந்துவிடும். ஏற்றம் என்று இருந்தது, யாரோ கொட்டி வைத்த கிராவல் குவியல் ஒன்றுதான். அதில் ஏறியது ஆடு. எங்களுக்கான ஏற்றம் உரிமம் வந்த பிறகு ரயில்வே மேம்பாலத்தில் காத்திருக்கிறது, பின்னால் ஹாரன் அடிக்கும் மணல் லாரியோடு.

பயிற்சியையும் குறை சொல்ல மாட்டேன். காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது நேரடியாக ஓட்ட வேண்டும் என்பது விதி 31. எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று பதியப் படிவம் 15 இருக்கிறது. மாணவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன், மொத்தமாக, ஒரே நாளில். நாள்வாரியாக எழுதியதுபோல் தெரிய மாஸ்டர் நீலம், கறுப்பு என்று இரண்டு பேனா வைத்திருந்தார். நான் சேர்ந்த பள்ளியின் நேர்த்தி அப்படி. காலை ஆறரைக்கு கார் வரும். அதில் ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்ட, இருவர் பின்சீட்டில் பயந்தபடி வருவோம். பயப்படும் பயிற்சி மட்டும் எனக்கு முழு மணிநேரமும் கிடைத்தது.

முன்சீட்டுக்கு வந்தாலோ, ஒரே பாடம்தான்: “நீங்க ஸ்டியரிங்க மட்டும் புடிங்கக்கா, மத்தத நான் பாத்துக்கறேன்.” மாடு குறுக்கே வந்தால் அவர் பார்த்துக்கொண்டார். டவுன் பஸ் உரசினாற்போல் போனால் அவர் பார்த்துக்கொண்டார். இன்ஜின் அணைந்துபோகும் என்று காரின் நடுக்கத்திலேயே தெரிந்துகொண்டு, எனக்குத் தெரியும் முன்பே கிளட்ச்சை மிதித்தார். ஆகவே என் கையில் கார் ஒருநாளும் அணைந்ததே இல்லை. அணைந்த காரை நடுரோட்டில் நிதானமாகக் கிளப்புவது எப்படி என்று கற்க எனக்கு வாய்ப்பே வரவில்லை.

மாஸ்டரையும் திட்ட மனம் வரவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் முதலாளியிடம் பேச்சு வாங்குவது அவர். பம்பரில் கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பு. எத்தனை பேர் பாஸானார்கள் என்று முதலாளி கேட்பார்; அதில் எத்தனை பேர் தனியாக மார்க்கெட்டுக்குக் காரில் போய்வருகிறார்கள் என்று யார் கேட்கிறார்கள்? பயிற்சிக் காரில் இரட்டைப் பெடல் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது, அவசியமும்தான். அதிலிருந்து காலை எப்போது எடுக்க வேண்டும் என்றுதான் எந்தப் படிவத்திலும் இல்லை. அந்தக் காலத்தில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவர்களுக்குப் படிவமும் கிடையாது, பிடித்துக்கொள்ள ஆளும் கிடையாது. அந்தி சாய்வதற்குள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

உரிமத்துக்குப் பிந்தைய கட்டம் உங்கள் கோப்பில் வராது, நானே சொல்கிறேன். சொந்தக் காரில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பெடல் இல்லை. ஆகவே வாயால் மிதித்தார். “பிரேக்க புடி! புடி! புடின்னா!” என்று தெரு முனைவரை வந்தார். ஒரு கை ஹேண்ட்பிரேக்கிலேயே இருந்தது. திரும்பி வந்ததும் சாவி அவர் சட்டைப் பைக்குப் போயிற்று, உரிமம் பீரோவுக்குப் போயிற்று. விசாரித்துப் பாருங்கள், எங்கள் தெருவில் பீரோவில் இருக்கும் உரிமங்களில் அநேகமாக எல்லாமே பெண்கள் பெயரில் இருக்கும்.

பீரோவில் இருப்பதால் அதற்கு ஒரு குறையும் வராது என்பது சட்டத்தின் பெருந்தன்மை. என் வயதுக்கு 10 ஆண்டு செல்லும். அந்தப் பத்தாண்டும் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்துவிட்டு, தேதி தவறாமல் புதுப்பித்தால் ஓட்டிக் காட்டச் சொல்ல மாட்டீர்கள். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால்தான் மறுபடி தேர்வு. ஓட்ட மறந்தால் பரவாயில்லை, தேதியை மறக்கக் கூடாது!

பக்கத்துக் கேரளத்தில் 2024-இல் இரட்டைப் பெடல் காரைத் தேர்வுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தேர்வில் தேறிக்கொண்டிருந்தது யார் என்பது அதிலேயே விளங்கவில்லையா? பிரிட்டனில் 2017 டிசம்பரிலிருந்து தேர்வில் கணிசமான நேரம், திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்ல ஆளில்லாமல், சாலைப் பலகையையோ வழிகாட்டிக் கருவியையோ பார்த்து ஓட்ட வேண்டும். தப்பான தெருவில் திரும்பினாலும், ஒழுங்காகத் திரும்பியிருந்தால் அதற்காகப் பிழை போட மாட்டார்கள். வழி தவறிய பிறகு பதறாமல் ஓட்டுகிறாளா என்று பார்க்கிற தேர்வு அது. இங்கே வழி தவற எங்களுக்கு வழியே இல்லை. மைதானத்துக்கு ஒரே ஒரு கேட்.

ஆகவே ஐயா, என் உரிமத்தில் மாஸ்டரின் பாதங்களையும் படமெடுத்து ஒட்டித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டால் அட்டையோடு மாஸ்டரையும் விரைவுத் தபாலில் அனுப்பிவைக்கலாம். மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. இரண்டுக்குமே விதிகளில் இடமில்லை என்றால், மூன்றாவதாக ஒரு சின்ன ஏற்பாடு. பயிற்சியின் கடைசி வாரத்தில் மாஸ்டர் இரண்டு காலையும் சீட்டின் மேல் சம்மணம் போட்டு, வாயையும் மூடிக்கொண்டு வரட்டும். எந்தத் தெரு என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். கார் அணையட்டும், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கட்டும், நாங்களே கிளப்புகிறோம். தேர்வன்று இன்ஸ்பெக்டர் ஐயா நிழலை விட்டு வந்து காரில் ஏறட்டும். மாஸ்டர் வெளியே டீ குடிக்கட்டும். மேம்பாலம் வரை ஒருமுறை போய்வருவோம். அதில் நான் தேறாவிட்டால் தயங்காமல் ஃபெயில் போடுங்கள்.

இம்மனு தங்கள் பரிசீலனையில் இருக்கும் வரை நாங்கள் டவுன் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உரிமதாரர்.

இணைப்பு: ஓட்டுநர் உரிமத்தின் நகல். அசல் பீரோவில் உள்ளது, சாவி வீட்டுக்காரரிடம்.