அடுத்த வாரம் தொடரும்

தொடர்படம் என்றால் என்னவென்று அரியலூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் மாவட்டமே ஒரு தொடர்படம்தான். 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரித்து, இதோ உங்கள் மாவட்டம் என்றார்கள். 2002இல், இல்லை, திரும்பப் பெரம்பலூருக்கே போங்கள் என்றார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். காரோடு பள்ளத்தில் உருண்ட கதாநாயகன் அடுத்த வாரம் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவானே, அந்த மாதிரி.

ஆகவே 1943இல் கொலம்பியா கம்பெனி எடுத்த ‘பேட்மேன்’ பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி உண்டு. மொத்தம் 15 பாகம், வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பாகமும் நாயகன் சாகப்போகிற இடத்தில் நிற்கும். அடுத்த வாரமும் டிக்கெட் எடுத்தால் அவன் சாகவில்லை என்று தெரியும். வௌவால் குகையும் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும் ரகசிய வழியும் இந்தத் தொடரில்தான் பிறந்தன. குகை விஷயத்தில் நாங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டி அப்படியே விட்டுப்போன பள்ளங்கள் இங்கே ஏராளம். ஒரு பேட்மேன் அல்ல, ஒரு வௌவால் கூட்டமே குடியிருக்கலாம்.

காமிக்ஸில் பிறந்தபோது அந்த வௌவால் மனிதர் யாருக்கும் கட்டுப்படாதவர். சட்டத்தைக் கையில் எடுப்பவனை நாயகனாகக் காட்டினால் தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்கள் என்று, படத்தில் அவரை அரசாங்கத்தின் ரகசிய ஏஜென்ட் ஆக்கிவிட்டார்கள். அதாவது முகமூடி போட்ட அரசு ஊழியர். பஞ்சப்படி உண்டா என்பதை மட்டும் காட்டவில்லை.

வில்லன் டாக்டர் டாக்கா, ஜப்பானியர். மனிதர்களின் தலையில் கருவியை மாட்டிப் பொம்மைகளாக ஆட்டுவிப்பவர். நடித்தவர் ஜே. கரோல் நைஷ். ஐரிஷ் வம்சாவளி, பிறந்தது நியூயார்க்கில். ஜப்பானியரை நடிக்க வைக்க ஹாலிவுட்டில் ஒரு ஜப்பானியர்கூடவா கிடைக்கவில்லை என்று கேட்காதீர்கள். எப்படிக் கிடைப்பார்? 1942 பிப்ரவரியில், ஜப்பானோடு போர் என்று, அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஒரே கையெழுத்தில் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முள்வேலி முகாம்களுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

படத்தை எடுத்தவர்கள் இதை மறைத்தார்களா? அப்படி மறைத்திருந்தாலாவது கொஞ்சம் வெட்கம் இருந்தது என்று நினைக்கலாம். முதல் பாகத்திலேயே ஆளற்ற ஜப்பானியர் தெருவைக் காட்டி, விவேகமுள்ள அரசாங்கம் அவர்களை அப்புறப்படுத்திவிட்டது என்று பின்னணிக் குரல் பெருமையாகச் சொல்கிறது. கடை பூட்டியிருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது, கொட்டகையில் இருக்கும் பிள்ளைகளோ சோளப்பொரி கொறிக்கிறார்கள். பள்ளியில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால், திரையில் டாக்காவின் முகத்தைக் காட்டியிருப்பார்கள். அந்த முகத்தின் வேலையே அதுதான். முகாமிலிருந்த பெற்றோரின் பிள்ளைகள் அமெரிக்கச் சீருடை போட்டு ஐரோப்பாவில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வைத்து யாரும் 15 பாகம் எடுக்கவில்லை.

நாம் மட்டும் யோக்கியமா? 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’ எடுத்தது. கச்சா ஃபிலிமுக்குக்கூட வெள்ளைக்காரனிடம் கையேந்த வேண்டியிருந்த காலம். கம்பெனி முதலாளி டி. ஆர். சுந்தரமே ஜப்பானியத் தளபதி வேஷம் கட்டினார். திரையில் கொடுமை செய்தவன் ஜப்பானியன், சரி. ஆனால் 1942இல் பர்மாவிலிருந்து தமிழர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்து வழிநெடுக விழுந்து செத்தபோது, நல்ல வழியை வெள்ளையருக்கு ஒதுக்கியவன் யார்? பேட்மேன் வெளியான அதே 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தபோது ஆண்டுகொண்டிருந்தவன் யார்? அந்த வில்லனுக்கு நம் சினிமா ஒப்பனை போடவே இல்லை. தணிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவனே அவன்தானே.

பழங்கதை என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். 2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவம் வந்தது. வீடு தேடி வரும் தொடர், ரகசிய அரசு ஏஜென்ட் நாயகன். வில்லன் இடத்தில் ஈழத்தமிழ்ப் பெண். நடிகையின் நிறத்தைக் கறுப்பாக்கிக் காட்டினார்கள். எழுபத்தெட்டு வருடத்தில் ஒப்பனைக் கலை அடைந்த முன்னேற்றம் இவ்வளவுதான். தமிழக அரசு தடை கேட்டது, தொடர் ஜாம்ஜாமென்று ஓடியது.

அதே 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இன்னொரு சாகசமும் செய்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர்ப் பலகையைக் கழற்றி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாட்டியது. நல்ல பெயர். பலகைக்கும் மறுவாழ்வு கிடைத்தது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் அப்படியொரு முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேல். 1983க்குப் பிறகு அலை அலையாகப் படகேறி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முகாம் ஆண்களில் பலருக்கு பெயிண்டிங்தான் பிழைப்பு. அரியலூர்ச் சிமெண்டில் நாம் கட்டும் வீட்டுக்கு வண்ணம் அடித்துவிட்டு, சாயங்காலம் முகாமுக்குத் திரும்பி, செக்கிங் நாளில் வரிசையில் நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டும். போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சின் கண் எப்போதும் மேலே இருக்கும். திரையில் வரும் ஈழத்தமிழர் கையில் வெடிகுண்டு. துறைமங்கலத்தில் இருப்பவர் கையில் பிரஷ்.

2019இல் டெல்லி குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் இடம் இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாடு மட்டும் வரைபடத்தில் காணாமல் போனது. எந்த மாய வித்தைக்காரனாலும் ஆகாத காரியம். அதற்குப் பதில் கேட்க வேண்டிய நாம் என்ன செய்தோம்? அடுத்த பருவம் எப்போது என்று போனைத் தடவிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1988இல் அவன் ஒரு சட்டம் போட்டு, நாங்கள் செய்தது அநியாயம் என்று மன்னிப்புக் கேட்டான். முகாமில் கிடந்து உயிரோடு மிஞ்சியவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தான். பேட்மேன் வெளியாகி 45 வருடம் ஆகியிருந்தது. பெற்றோரில் பலர் காசோலை வரும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

15ஆம் பாகத்தில் டாக்டர் டாக்கா முதலைக் குழியில் விழுந்து ஒழிந்தார், தொடர் முடிந்தது. 1983இல் தாயின் இடுப்பில் படகேறி வந்த குழந்தைக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. முகாமில் பிறந்த அதன் பிள்ளைக்கும் குடியுரிமை இன்னும் ‘அடுத்த வாரம்’தான்.